ஏட்டில் படித்த நாகம்மா

சரசு,

"இந்தப் பெண்ணுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. இவள் நம் பள்ளிக்கூடத்தில் படித்ததே இல்லை. ஏட்டில் இருப்பதெல்லாம் நான் எழுதியது." சென்ற பங்குனியில் ஒரு பகல் பொழுது, மாதர் சங்கக் கட்டடத்தில், கிராம சேவிகாவின் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு நான் சொல்லாமல் விட்டது இதுதான். சொல்லியிருந்தால் அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்தப் பெண் யார் என்று உனக்குத் தெரியும். கிழக்குத் தெரு நாகம்மா. உன் வயது. உன் நீலப் பாவாடையை உடுத்திக்கொண்டு உன் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தவள்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நீ சேலத்துக்குப் புறப்படுகிறாய். இரண்டு வருஷம் பயிற்சி முடித்து நீயும் ஒரு பள்ளிக்கூடத்தில் போய் நிற்பாய். உன்னிடம் ஒரு சாக்குக்கட்டியும் ஒரு ஹாஜர்ப் பட்டியலும் தருவார்கள். சாக்குக்கட்டியைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. அதை அங்கே சொல்லிக் கொடுப்பார்கள். பட்டியலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நேரில் சொல்லிவிடலாம் என்று இந்த ஒரு வாரமாக நினைத்துப் பார்த்தேன். நேற்று நீ பெட்டியில் துணி அடுக்கும்போது வாய்வரைக்கும் வந்தது. "என்னம்மா பார்க்கிறே?" என்று கேட்டாய். "சோப்பு வெச்சியா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். நான் அப்படிப்பட்டவள். புத்தகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பேசுகிறார்கள், அவ்வளவையும் படித்திருக்கிறேன், எனக்கு வேண்டிய நேரத்தில் ஒரு வார்த்தை வராது. அதனால் எழுதுகிறேன். எனக்கு முப்பத்திநாலு வயதுதான் ஆகிறது. கிழவியாகி மன்னிப்புக் கேட்டால் எல்லோரும் இரக்கப்பட்டு விட்டுவிடுவார்கள். உனக்குக் கோபப்படும் உரிமை இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

நம் பள்ளிக்கூடம் எப்படி நடந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். உன் அப்பா தன் அப்பாவின் மாட்டுக்கொட்டகையைக் காலி செய்து, தரைக்குச் சாணி போட்டு, பதினெட்டுப் பிள்ளைகளோடு ஆரம்பித்தார். அப்போது ஆறு மைல் தள்ளி ஓசூருக்குப் போகும்வரை வேறு பள்ளிக்கூடம் கிடையாது. சர்க்கார் அங்கீகாரம் கொடுத்தார்கள். அங்கீகாரத்தோடு மானியம் வந்தது. அந்த மானியம்தான் அவர் சம்பளம், என் சம்பளம், கூரைக்கு ஓடு, சிலேட்டு, வரைபடம் எல்லாம். அதற்கு ஒரு விதி உண்டு. சராசரியாக இத்தனை பிள்ளைகள் தினமும் வர வேண்டும். குறைந்தால் இரண்டாவது ஆசிரியருக்கு மானியம் இல்லை. இரண்டாவது ஆசிரியர் இல்லையென்றால் நாலாவதும் ஐந்தாவதும் இல்லை. மூன்றாவதோடு ஊரின் படிப்பு முடிந்தது. இரண்டாவது ஆசிரியர் நான்தான். ஆனால் என் வேலை போகிறதே என்று மட்டும் நான் பயப்படவில்லை. அப்போது நீயும் இன்னும் நாலு பெண்களும் நாலாவதில் இருந்தீர்கள். நாலாவது போனால் உங்கள் ஐந்து பேரையும் யாரும் ஓசூருக்கு அனுப்பப்போவதில்லை.

பிள்ளைகளோ வரமாட்டார்கள். கேழ்வரகு அறுப்பு என்றால் பாதி வகுப்பு காலி. புளி உலுக்கும் மாதத்தில் மீதிப் பாதியும் காலி. முசுக்கொட்டைத் தோட்டத்தில் புழு வளர்க்கும் வீடுகளில் இலை பறிக்கவும் தட்டு மாற்றவும் சின்னக் கைகள்தான் தோது. பட்டுப்புழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, ஒரு நாளைக்கு நாலு வேளை தின்னும். மைசூர் எல்லை பக்கத்தில் இருப்பதால் சில குடும்பங்கள் வேலை இருக்கிற பக்கம் போய் ஆறு மாதம் கழித்துத் திரும்பும். அதனால் உன் அப்பா எல்லா எய்டட் பள்ளிக்கூடங்களும் செய்ததைச் செய்தார். வீடு வீடாகப் போய்ப் பெயர் வாங்கி ஏட்டில் ஏற்றினார். வந்தவர்களும் இருந்தார்கள், வராதவர்களும் இருந்தார்கள். வராதவர்களுக்கு அவர் வைத்த பெயர் ஏட்டுச் சுரைக்காய். "கறிக்கு உதவாது, கொடி மட்டும் பசுமையா இருக்கும்" என்று சிரிப்பார்.

அந்தச் சுரைக்காய்களுக்குத் தினமும் ஹாஜர் போட்டவள் நான். உன் அப்பாவுக்கு அதில் பொறுமை இல்லை. அவர் போட்டால் ஒரே மாதிரி கோடு கோடாக மாதம் முழுக்க ஹாஜர் இருக்கும். பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வரும். எனக்கு அந்த வேலை நன்றாக வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஓசூர் வாசகசாலையிலிருந்து வாரம் ஒரு புத்தகம் வருமே, வங்காளத்து நாவல்களின் மொழிபெயர்ப்பு, ருஷ்யக் கதைகள், கிடைத்ததெல்லாம் படித்துப் படித்து, ஒரு மனுஷருடைய வாழ்க்கை எப்படி ஒழுங்கில்லாமல் இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நாகம்மாவுக்கு நான் உகாதிக்கு இரண்டு நாள் கூடுதலாக லீவு கொடுத்தேன். மழைக்காலத்தில் மூன்று நாள் காய்ச்சல் வரவைத்தேன். தம்பி பிறந்த வாரத்தில் வரவில்லை என்று போட்டேன். தம்பி நிஜமாகவே பிறந்தான், அது ஒன்றுதான் அதில் உண்மை. பரீட்சைக்குக் கணக்கில் கொஞ்சம் அதிகமும் பாடம் ஒப்பிப்பதில் கொஞ்சம் குறைவும் போட்டேன். ஒவ்வொரு வருஷமும் அவளைப் பாஸ் போட்டேன். ஏட்டில் வளர்ந்த அந்தப் பெண் அடக்கமானவள், கணக்கில் கெட்டிக்காரி. எனக்கு அவளைப் பிடிக்கக்கூடச் செய்தது. என் வாழ்க்கையில் நான் எழுதிய கதை அது ஒன்றுதான்.

நிஜ நாகம்மா அந்த நேரத்தில் தோட்டத்தில் இலை பறித்துக்கொண்டிருந்தாள்.

வருஷத்துக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டர் வருவார். நீ ஐந்தாவது படித்த வருஷம் அவர் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். அதற்கு முந்தின சாயங்காலம் உன் அப்பா கிழக்குத் தெருவுக்குப் பிள்ளை கேட்டுப் போனபோது நானும் கூடப் போனேன். கல்யாணத்துக்கு அண்டா இரவல் கேட்கிற மாதிரிதான். தெருவே சிரித்துக்கொண்டு தந்தது.

"என்ன வாத்தியாரே, இந்த வருஷம் எத்தனை உருப்படி வேணும்?"

"ஒரு பன்னெண்டு இருந்தா தேவலாம்."

"எம்மவனுங்க ரெண்டு பேரையும் ஓட்டிக்கினு போங்க. பெரியவனுக்குச் சொறி இருக்குது, இப்பவே சொல்லிப்புட்டேன். அப்புறம் ஆபீசர் கைக்கு ஒட்டிக்கிச்சுன்னு என்கிட்ட வரக்கூடாது."

"ஒரு நாளைக்குக் கூலி உண்டா?"

"பொரியும் வெல்லமும் உண்டு."

"அது அவனுக்கு. எனக்கு?"

நாகம்மாவின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இலை பறித்துவந்த கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். "பந்துலம்மா, இவளை நாளைக்கு நிறுத்திட்டா தோட்டக்காரரு என்னைத்தான் கேப்பாரு. ஒரு நாள் உக்கார வெச்சு என்ன செய்யப்போறீங்க?" தெலுங்கு பேசுகிற வீடுகளில் வாத்தியாரம்மாவான என்னைப் பந்துலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் பதில் சொல்வதற்குள் நாகம்மா உள்ளேயிருந்து வந்து, "நான் போறேன்மா. விடியறதுக்கு முந்தி எந்திரிச்சு இலை பறிச்சுப் போட்டுட்டுப் போறேன்" என்றாள். அப்படியே செய்தாள். காலையில் அவள் வந்தபோது விரல் நுனியெல்லாம் பச்சை. நீதான் அவளைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய்த் தேய்த்துவிட்டாய். உன் நீலப் பாவாடையைக் கொடுத்தாய். பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும் என்று பத்துத் தடவை சொல்ல வைத்தாய். அவள் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று சொன்னாள். உட்கார்ந்துகொண்டு சொன்னால் போதும் என்று உனக்குத் தோன்றவில்லை.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் வெயிலில் நடந்து வந்திருந்தார். அவருக்கும் மேலே ஓர் ஆபீஸ் இருந்தது. பெயர்களைக் கூப்பிட்டார். எண்ணிக்கை சரியாக இருந்தது. மோர் குடித்தார். புறப்படுகிறார் என்று நினைத்தபோது ஐந்தாம் வகுப்பின் பக்கம் திரும்பி, நீலப் பாவாடையைப் பார்த்து, "நீ படி அம்மா" என்றார். நீ உன் புத்தகத்தை அவளிடம் தள்ளினாய். அவள் அதை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தனக்கு வராது என்று தெலுங்கில் சொன்னாள். பயந்து சொல்லவில்லை. கேட்டார், சொன்னாள், அவ்வளவுதான்.

"அஞ்சாவது வரைக்கும் வந்துட்டா. எழுத்துக்கூட்டக்கூட வரலையா?" என்று அவர் என்னைக் கேட்டார். உன் அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் மந்தம் ஐயா" என்றேன்.

அவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "வீட்டுல வேற பாஷை. என்ன செய்யறது? உக்காரும்மா" என்றார். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அந்த வருஷ மானியம் குறையவில்லை. நீயும் அந்த நாலு பெண்களும் ஐந்தாவது முடித்தீர்கள். நீ அதற்கு மேலும் போனாய். மந்தம் என்ற சொல் தெலுங்கிலும் அதேதான். அவள் உட்காரும்போது பாவாடை கசங்காமல் இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அது எனக்கு இன்னும் தெரிகிறது.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்னால் அவள் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். அதே பாவாடை. துவைத்து ஈரமாகவே உடுத்தியிருந்தாள். நீ அன்றைக்குச் சளிக்காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாய். பெயர் கூப்பிட்டார்கள், உள்ளேன் என்று சொல்லிவிட்டோம், இனி நாமும் அந்த வகுப்புப் பெண்தான் என்று அவள் நம்பியிருந்தாள். "அம்மா விடிகாலையிலயும் சாயந்தரமும் பறிச்சாப் போதும்னு தோட்டக்காரரைக் கேட்டுக்கிச்சு, பந்துலம்மா. நடுவுல வரேன்" என்றாள். கையில் உடைந்த சிலேட்டுத் துண்டு ஒன்று. எங்கே பொறுக்கினாளோ.

உன் அப்பாவைக் கேட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்க உக்கார வைக்கிறது? ஒண்ணாவதுல உக்கார வெச்சா, ஏட்டுல அஞ்சாவதுல இருக்கிறவ ஏன் ஒண்ணாவதுல இருக்கான்னு கேப்பாங்க. அஞ்சாவதுல உக்கார வெச்சா அவளுக்கு என்ன புரியும்? அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லு." ஏட்டிலிருந்த நாகம்மா நிஜ நாகம்மாவின் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். உட்கார வைத்தவள் நான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று போய்ச் சொன்னேன். அடுத்த வருஷம் ஏட்டுப் பெண் ஐந்தாவது முடித்துப் பள்ளியை விட்டே போயிருப்பாள், பிறகு அதே பெயரை, அதே அப்பன் பெயரை, எப்படி ஒண்ணாவதில் எழுதுவது? அது சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

இனிமேல் வருவது உனக்குத் தெரியாதது. அன்றைக்கு மத்தியானம் நீ கேட்டாய், "நாகி வந்தாளாமே, எதுக்கு?" என்று. "பாவாடையைத் தான் வெச்சுக்கட்டுமான்னு கேக்க வந்தா. படிக்க வரியான்னு கேட்டேன், இஷ்டமில்லேன்னுட்டா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷத்தில் பல தடவை யோசித்திருக்கிறேன். உனக்குப் பத்து வயது. நடந்ததைச் சொன்னால் நீ அப்பாவைப் பார்க்கிற பார்வை மாறும் என்று பயந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது உண்டு. அது பாதிதான். நீ என்னைப் பார்க்கிற பார்வையை நினைத்துத்தான் பயந்தேன். நீ அவளோடு பேச்சை விட்டாய். ஒரு நாள் கிணற்றடியில் மற்றப் பெண்களுக்கு நடுவில் அவளைப் பாவாடைத் திருடி என்று கூப்பிட்டாய். நான் குடம் நிரப்பிக்கொண்டிருந்தேன். அவள் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு நீ கிருஷ்ணகிரியில் சித்தி வீட்டுக்குப் படிக்கப் போய்விட்டாய். இங்கே காலம் மாறியது. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு வந்தது. நீ லீவுக்கு வந்தபோது பார்த்திருப்பாய், கொட்டகை பிதுங்கிற்று. வாசலில்கூடப் பிள்ளைகள். ஒரு கவளம் சோற்றுக்குப் பிறகு ஏட்டுச் சுரைக்காய் எதுவும் தேவைப்படவில்லை. உன் அப்பா ஒரு நாள் பட்டியலை மூடிவிட்டு, "இப்ப ஹாஜர் போடறவங்க எல்லாரும் நிஜமாவே இருக்காங்க" என்றார். நாகம்மாவுக்கு அப்போது பதினைந்து வயது. சோறு போட்டாலும் வர முடியாத வயது.

மதியம் பள்ளிக்கூடம் விட்ட பிறகு எனக்கு இரண்டு மணி நேரம் சும்மா இருந்தது, சரசு. அந்த நேரத்தில் அவளை நம் வீட்டுப் பின்கட்டில் உட்கார வைத்து ஆறு மாதத்தில் எழுத்துக் கூட்ட வைத்திருக்கலாம். அதற்கு மானியம் வேண்டாம், அங்கீகாரம் வேண்டாம், ஏடு வேண்டாம். நினைக்காமல் இல்லை. ஐந்தாவது பாஸ் செய்தவளுக்கு எதற்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கிறாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். யோசித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து நாவலைப் படித்தேன். ஊர் பேர் தெரியாத ஒரு ருஷ்யப் பெண்ணுக்காக அந்தப் பின்கட்டில் உட்கார்ந்து நான் அழுதிருக்கிறேன்.

சென்ற பங்குனியில், நீ கிருஷ்ணகிரியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, வட்டார ஆபீஸிலிருந்து பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தப் பணம் வந்தது. சிலேட்டு, புத்தகம், சொல்லிக்கொடுப்பவருக்குச் சம்பளம் எல்லாம் சர்க்கார் கொடுக்கும். பகலில் வகுப்பு. இருபது பேர். அத்தனை பேரும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக இருக்க வேண்டும். கிராம சேவிகா தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், வேலைக்குப் புதுசு, எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்கிற பயம். பெயர் கொடுக்க வருகிறவர்களைப் பள்ளி ஏட்டோடு ஒத்துப்பார்க்க என்னைக் கூப்பிட்டாள். நான் ஏட்டை எடுத்துக்கொண்டு போனேன். வரிசையில் நாகம்மா நிற்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் வந்த காரணம் அவளே சொன்னாள். ஓசூர்ப் பக்கம் அரசாங்கப் புழு வளர்ப்புப் பண்ணையில் பெண்களைப் பயிற்சிக்கு எடுக்கிறார்கள். மாதம் உபகாரச் சம்பளம் உண்டு, முடித்தால் அங்கேயே வேலை. ஐந்தாவது படித்திருக்க வேண்டும், அல்லது எழுத்தறிவு வகுப்பில் தேறியிருக்க வேண்டும். "புழு எனக்குத் தெரியுங்க. தட்டுக்கிட்ட போனாலே எந்தப் புழுவுக்கு நோவுன்னு சொல்லிடுவேன். எழுத்துதான் வராது" என்றாள். பின்னால் நின்றிருந்த ஒருத்தி, "அவளுக்குப் புழுவோட பாஷையும் வரும், எழுதிக்கோங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நாகம்மாவும் சிரித்தாள். அந்த வேலை கிடைக்காவிட்டால் சர்ஜாபுரத்துக்கு அப்பால் இருக்கிற தாய்மாமனுக்கு அவளை இரண்டாம் தாரமாகக் கொடுத்துவிடுவார்கள் என்று வரிசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

சேவிகா ஏட்டைப் புரட்டினாள். "நீ அஞ்சாவது பாஸ் பண்ணியிருக்கியே. கணக்குல நல்ல மார்க்கு வேற."

"நானா?"

"கிழக்குத் தெரு, முனியப்பா மகள் நாகம்மா. நீதானே?"

"நான்தான். ஆனா எனக்கு வராதுங்கக்கா. பந்துலம்மாவைக் கேளுங்க."

சேவிகா என்னைப் பார்த்தாள். நாகம்மாவும் பார்த்தாள், கிணற்றடியில் பார்த்த மாதிரி இல்லை, நம்பிக்கையோடு. ஒரு பெரியவளை உதவி கேட்டுப் பார்க்கிற பார்வை. அந்த வாரம்தான் புதுக் கட்டடத்துக்கு மானியம் கேட்டு நம் மனு மேலே போயிருந்தது. ஏடு பொய் என்று ஒரு வார்த்தை வெளியே வந்துவிட்டால் கட்டடம் மட்டுமா போகும்? அங்கீகாரம் போகும், உன் அப்பாவின் பெயர் போகும், உன்னைப் பயிற்சிக்கு அனுப்பும் சம்பளம் போகும். இதையெல்லாம் நான் அந்த இடத்தில் நின்று நிறுத்துப் பார்த்தேன் என்று நினைக்காதே. நிறுக்க நேரமே ஆகவில்லை. பழகிப்போன கை பேனாவை எடுப்பதுபோல வாய் தானாகச் சொல்லிற்று: "அஞ்சாவது வரைக்கும் படிச்சா. மறந்திருக்கும்."

"மறந்தவங்களுக்குக் கிளாஸ் இல்லையே டீச்சர்" என்றாள் சேவிகா. அவளுக்கு நிஜமாகவே வருத்தம். "ஆடிட்டுல கேப்பாங்க. ஆனா உனக்கு எதுக்கும்மா கிளாஸ்? அஞ்சாவது சர்ட்டிபிகேட் இருந்தா நேரா பண்ணைக்கே போகலாமே." வரிசையில் அடுத்தவளைக் கூப்பிட்டாள்.

சாயங்காலம் நாகம்மா நம் வீட்டுக்கு வந்தாள். உன் அப்பா அவளை உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை. அவர் அன்றைக்கு ரொம்ப உற்சாகமாக இருந்தார். ஒரு பழைய பாக்கியைத் தீர்க்க வழி கிடைத்துவிட்ட மாதிரி. நல்ல காகிதம் எடுத்து, நல்ல கையெழுத்தில் எழுதி, பள்ளி முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்துக் கொடுத்தார். அவர் உபகாரம் செய்வதாகத்தான் நினைத்தார், சரசு. அதை நீ நம்ப வேண்டும். அவர் உள்ளே போன பிறகு நாகம்மா காகிதத்தை என் பக்கம் நீட்டினாள்.

"இதுல என்ன எழுதியிருக்குது, பந்துலம்மா?"

படித்துக் காட்டினேன். இன்ன தேதியில் சேர்ந்து, இன்ன தேதியில் ஐந்தாம் வகுப்பு தேறி, நன்னடத்தையுடன் விலகினாள் என்று.

"நன்னடத்தைன்னா?"

"நல்ல பொண்ணா இருந்தாள்னு அர்த்தம்."

"கணக்குல எவ்வளவு?"

"நல்ல மார்க்குதான்."

"பரவால்லையே" என்று சிரித்தாள். "அப்ப மந்தம் இல்ல."

காகிதத்தை அவளே திரும்ப வாங்கிக்கொண்டாள். நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். அந்தக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, நாளையிலிருந்து மத்தியானம் வா என்று சொல்லியிருக்கலாம். அடுத்த வருஷமும் பண்ணையில் ஆள் எடுப்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டேன்.

உனக்கு நான் புத்தி சொல்லத் தகுந்தவள் இல்லை. ஆனாலும் வேறு யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். மானியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் இந்தப் பக்கத்தில் யாரும் எழுத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள், நீயும்தான். நல்ல எண்ணத்தோடுதான் மேலேயிருந்து வருகிறது. ஆனால் அது எண்ணிக்கையைப் பார்த்து வருகிறது. எண்ணிக்கையைத் தருகிறவள் நீ. ஒரு பிள்ளை வரவில்லையென்றால் வரவில்லை என்றே எழுது. அந்தப் பிள்ளைக்கு உன்னால் வேறு ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். அதன் இடத்தை மட்டும் காலியாக விட்டுவை, என்றைக்காவது வந்தால் உட்கார வேண்டும். அப்படி எழுதி உன் வகுப்பு மூடப்பட்டால் என்ன செய்வது என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. உன் ஐந்தாம் வகுப்பைக் காப்பாற்ற நான் அந்தக் கோடுகளைப் போட்டேன். மறுபடியும் உனக்குப் பத்து வயதாக இருந்து, அந்தப் பேனா என் கையில் இருந்தால், போடமாட்டேன் என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. நீ படித்த படிப்பில் ஒரு பங்கு யாருடையது என்று நீ தெரிந்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். அவள் பாவாடைக்காக வரவில்லை.

வைகாசியில் ஒரு நாள் தெருவில் மேளம் போயிற்று. லீவுக்கு வந்திருந்த நீ தலை தூக்காமல் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாய். "யாருக்கும்மா கல்யாணம்?" என்று கேட்டாய். "கிழக்குத் தெருவுல யாரோ" என்றேன்.

அதற்கு முன் நடந்தது இது. சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை நாகம்மா காலை முதல் பஸ்ஸில் பண்ணைக்குப் போனாள். காகிதத்தைப் பார்த்து உள்ளே விட்டார்கள். புழு அறையில் எல்லாத் தட்டுகளையும் பார்த்து, நோய் கண்ட தட்டு எது என்று சரியாகச் சொன்னாள். பிறகு சுவரில் இருந்த உஷ்ணமானியைப் பார்த்து நோட்டில் எழுதச் சொன்னார்கள். அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்த அதிகாரி காகிதத்தை மறுபடி வாங்கிப் படித்துவிட்டு, இது வேறொரு பெண்ணின் சர்ட்டிபிகேட், யாருடையதைக் கொண்டுவந்தாய் என்று கேட்டார். அவள் நம் பெயரைச் சொல்லவில்லை. காகிதத்தை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். பதினோரு மணி பஸ்ஸில் திரும்பி வந்து, மத்தியான இலை பறிக்கத் தோட்டத்துக்குப் போனாள். அவள் அம்மா என்னிடம் சொன்னது இவ்வளவுதான். கல்யாணத்துக்கு அவர்கள் நம்மைக் கூப்பிடவில்லை. ஆனியில் புதுக் கட்டடத்துக்கு மானியம் வந்தது.